அந்தத் தாய்க்கு அரிசி யார் கொடுப்பார்?

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அருப்புக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சொந்த வீட்டுக்குள், சொந்தக்காரர் கையில் சிக்கித் தவிக்கும் பிள்ளைகளைப் பற்றியது இந்த மடல்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. நாமோ இன்னமும், முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்தால் குடும்பம் திசைக்கொன்றாகப் பிரிந்துவிடும். அப்பா வெளியூர் வேலைக்குப் போவார். அம்மா விடியுமுன் மில் வேன் ஏறுவார். பிள்ளை சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ வளரும். முறைமாமன் சிறுமியை இழுத்து மடியில் உட்காரவைத்தால், "மாமன்தானே, உரிமை இருக்கு" என்று சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நெளிந்து இறங்கப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை யாரும் கவனிப்பதில்லை.

கவனித்தால் சிலது தெரியும். படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்ட பிள்ளை மறுபடி நனைக்கும். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகும் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும். லீவு வருகிறதென்றால் முகம் வாடும். குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிடும். இவற்றை வைத்து மட்டும் முடிவுகட்டிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க இது போதும். பையன்களுக்கும் இந்தக் கொடுமை நடக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

விஷயம் தெரிந்தால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிறார்கள். பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிறார்கள். செய்தவர் அதே வீட்டில் இருக்கிறார். தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். சமரசம் ஆகிவிட்டது என்பதற்காகப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில், ராஜஸ்தான் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனாலும், தெரிந்தும் வாய்மூடி இருக்கும் அந்தப் பிள்ளையின் தாயை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல வீடுகளில் செய்தவர்தான் சம்பாதிக்கிறவர். அவர் சிறைக்குப் போனால் குழுக் கடனை யார் கட்டுவது? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போகும். 'அவமானம்' என்று அந்தத் தாயின் வாய் சொன்னாலும், உள்ளே ஓடுவது அரிசிக் கணக்கு.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 8ஆவது விதிப்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்கு உடனடிப் பணம் தரும்படி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். இந்த விதி எந்தச் சுவரிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும், மில் விடுதிக் காப்பாளர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். சீருடை அணியாத காவல் அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரியே, பிள்ளை விரும்பும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் இதுவரை எத்தனை குடும்பங்களுக்கு அந்தப் பணம் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தது? பெயர், ஊர் எதுவும் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டைவாசி ஒருவர்