மிஷன் பள்ளி மாணவர்களுக்கும் கதவு திறக்கட்டும்

தென் மாவட்டங்களில் ‘மிஷன் பள்ளிக்கூடம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. ஏதோ ஒரு தாத்தா அங்கே படித்திருப்பார், ஏதோ ஓர் அத்தை அங்கே டீச்சராக இருந்திருப்பார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கிவைத்த கல்விப் பணி பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி என்று வேர் பிடித்தது. அந்த மரபில் வந்த பழைய பள்ளிகளில் பல இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூலும் மதிய உணவும் அரசு தருபவை.

அங்கே தமிழ் வழியில் படிப்பவர்கள் யார்? பீடி சுற்றும் தாயின் மகள், கடலுக்குப் போகிறவரின் மகன், கூலி வேலைக்குப் போகும் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை. அவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளிதான் இருந்தது என்பதால் சேர்ந்தவர்கள் ஏராளம்.

இந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் கலந்தாய்வுக்கு வரும்போது மட்டும் அரசு அவர்களை வேற்றாளாகப் பார்க்கிறது. நீட் தேர்வு வந்தபின் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. அதைச் சரிசெய்ய, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தமிழகம் செய்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று. இந்தச் சட்டத்தை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உதவி பெறும் பள்ளி மாணவருக்கு அதில் இடமே இல்லை.

சட்டத்தின் வரையறையைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவர் இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுகிறார். அதில் தவறில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை உதவி பெறும் பள்ளியில் தமிழிலேயே படித்த மீனவர் மகனுக்குத் தகுதி இல்லை. இதை எந்தத் தராசில் வைத்து நியாயம் என்பது?

மற்றத் திட்டங்களில் இந்தப் பிழையை அரசே உணர்ந்து திருத்தியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில் தொடங்கி ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் என்று 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் கிடைத்தது. காலைச் சாப்பாட்டிலும் உதவித்தொகையிலும் ஒன்றாக எண்ணப்பட்ட பிள்ளைகள், கல்லூரி இடம் என்று வரும்போது மட்டும் இரண்டாகப் பிரிகிறார்கள்.

புகழ்பெற்ற நகரப் பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுகளுக்கு இந்தச் சலுகை தேவையில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் அரசே வகுத்த எல்லை கையில் இருக்கிறது: உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அதோடு ஆறாம் வகுப்பு முதல் தொடர்ந்த படிப்பு, குடும்ப வருமான வரம்பு ஆகிய நிபந்தனைகளையும் சேர்க்கலாம். அரசுப் பள்ளி மாணவரின் 7.5 சதவீதத்தில் ஒரு இடம்கூடக் குறையக் கூடாது. இவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் கடமை இருக்கிறது. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்ததே, பல பள்ளிகள் அந்த வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேரே பிளஸ் டூ பாடத்துக்குப் போனதால்தான். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பழைய பழக்கம் திரும்பிவிடக் கூடாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் வருகிறது. அதை விட்டுவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவரை டிசி கொடுத்து அனுப்புவதும் அப்படித்தான். வேதபாடத்துக்கும் நீதிபோதனைக்கும் பீரியட் ஒதுக்கத் தெரிந்த பள்ளிகள், கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவது எப்படி, கலைக் கல்லூரியில் எந்தப் பாடம் எந்த வேலைக்கு வழி என்று சொல்லித்தர வாரம் ஒரு பீரியட் ஒதுக்கட்டும். வீட்டில் இதையெல்லாம் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் அவர்கள்.

சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டப்பேரவைக்கு உண்டு. அடுத்த கலந்தாய்வு அட்டவணை வெளியாகும் முன்பே அரசு அந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.