சுவரைப் பாதி காலியாக விடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியை தன் ஏழாம் வகுப்பு அறையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். செல்லின் அமைப்பு, சூரியக் குடும்பம், ஆங்கில வினைச்சொற்கள், சுற்றிலும் ஜிகினா பார்டர். சொந்தக் காசு மூவாயிரம் செலவாம். "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தார். "அருமைம்மா" என்று போட்டுவிட்டேன். அதிலிருந்து மனசு உறுத்துகிறது. பாதிதானே சொன்னேன்?

நானும் அப்படிச் செய்தவள்தான். ஒருமுறை பார்வைக்கு அதிகாரி வருகிறார் என்றதும், பிள்ளைகள் எழுதி ஒட்டியிருந்ததை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய சார்ட்டுகளை மாட்டினேன். பாராட்டு கிடைத்தது. மறுநாள் ஒரு பையன், "டீச்சர், நாங்க எழுதினது எங்க?" என்றான். குப்பைக்கூடையில் என்று எப்படிச் சொல்வது? அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டான்.

செயல்வழிக் கற்றலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். எனக்கும் குறைகள் உண்டு. ஆனால் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த அந்த முறையில் ஒன்று மட்டும் தங்கம். கீழ்மட்டக் கரும்பலகை. உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரம், ஆளுக்கு ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்கள். சுவர் பிள்ளையுடையது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட காலம் அது. 2022 ஜூனில் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் சின்ன வகுப்புகளுக்குத்தான். ஆறு, ஏழு, எட்டுக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. மன வரைபடம் போடச் சொன்னோம், மாட்டினோம், ஆண்டுத் தேர்வு வரை தூசி படிய விட்டோம்.

2014-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. நம்முடையது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். இவர்கள் சிதறக்கூட மாட்டார்கள். ஃப்ளெக்ஸை மூன்றாம் நாளே சுண்ணாம்புச் சுவராகத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு உருப்படியாக வந்த போர்டு ஒன்றே ஒன்று. சிப்காட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள். ஒருவன் பீகார், ஒருத்தி ஒடிசா. அந்தப் பெண் இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் 'தண்ணீர்' என்று எழுதி, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு ஒட்டினேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் 'நீள்ளு' என்று எழுதினார்கள். பீகார் பையன் 'பானி' என்றான். உடனே அந்தப் பெண் எழுந்து வந்து, இல்லை, 'பாணி' என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் ஒரு சண்டை! ரெண்டு சுழியா, மூணு சுழியா என்று வகுப்பே இரண்டு பட்டது. அவனவன் மொழிக்கு அவனவன் சரி. ன, ண வேறுபாட்டை நான் எத்தனை வருஷம் தொண்டை வற்றக் கத்தியிருப்பேன்? ஒரு காலண்டர் அட்டை சொல்லிக் கொடுத்துவிட்டது. அவள் தன் எழுத்திலும் எழுதி வைத்தாள். வாரம் ஒரு சொல் மாற்றினோம். அடுத்த சொல்லை யார் வைப்பது என்று திங்கட்கிழமை காலையில் அடிதடி.

அது அழகாக இல்லை. கோணல் எழுத்து, பிழை, பசை ஒழுகல். பார்வைக்கு வருபவர் முகம் சுளிப்பார் என்கிற பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நம்மில் பாதிப் பேர் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகிறோம். அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு யார் எழுதியது, எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள் ஐயா.

தங்கச்சி, உனக்குத்தான் இது. சூரியக் குடும்பம் இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. வினைச்சொல் அட்டவணையை மட்டும் கழற்றிவிடு, அது புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தைப் பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் காலியாக விட்டு, ஒரு டப்பா குண்டூசி வாங்கி வை.