படா அஃப்லாத்தூன்!

1994-ல் என்னை ஐதராபாத்துக்கு மாற்றினார்கள். போன மூன்றாவது நாளே மேனேஜர் என்னைப் பார்த்து, "படா அஃப்லாத்தூன்!" என்றார். ஆபீஸே சிரித்தது. ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார் என்று ஊருக்கு லெட்டர் எழுதிப் போட்டுவிட்டேன்.

என் மாடி ரூமுக்குக் கீழே ரிடையர் ஆன உருது வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். தெருவே அவரை 'மாஸ்டர் சாப்' என்றுதான் கூப்பிடும். சாயங்காலமானால் வாசலில் ஈஸிசேர், கையில் சாயா. தமிழும் கொஞ்சம் வரும். அவரிடம் அர்த்தம் கேட்டேன்.

"அஃப்லாத்தூன்னா பிளேட்டோ, பேட்டா! கிரேக்க தத்துவஞானி."

"அடேயப்பா!"

"குதிக்காதே. இங்கே ஒருத்தனை அப்படிச் சொன்னா, 'மனசுல பெரிய மேதாவின்னு நினைப்பு'ன்னு அர்த்தம்."

லெட்டர் அதற்குள் மாயவரம் தாண்டியிருக்கும்.

பிளேட்டோ எப்படி அஃப்லாத்தூன் ஆனார்? அரபியில் 'ப' கிடையாது, அதனால் 'ஃப'. வார்த்தை ஆரம்பத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நாக்கு முரண்டு பிடிக்கும், அதனால் முன்னால் ஓர் உயிரெழுத்து. நாம் ஸ்கூலை இஸ்கூல் ஆக்குகிற அதே கதைதான். அலெக்சாண்டர் இன்னும் பாவம். அவர் பெயரின் 'அல்'லை, அரபியில் இங்கிலீஷ் 'தி' மாதிரி வருகிற 'அல்' என்று நினைத்துக் கழற்றிவிட்டார்கள். மிச்சம்தான் சிக்கந்தர். உலகத்தையே ஜெயித்தவர், பெயரில் பாதியைத் தோற்றார். அரிஸ்டாட்டில் அரஸ்து ஆனார், சாக்ரடீஸ் சுக்ராத். கிரீஸ் தேசமே யூனான். யூனானி வைத்தியத்தின் யூனானும், நம் சங்கப் பாட்டில் வரும் யவனரும் 'அயோனியா' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவர்கள்.

"சரி சாப், ஜீயஸ், அப்ரோடைட்டிக்கெல்லாம் இப்படிச் செல்லப் பெயர் இல்லையா?"

"நக்கோ பேட்டா. பாக்தாத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவங்களுக்கு வைத்தியம் வேணும், கணக்கு வேணும், தத்துவம் வேணும். கிரேக்க சாமியும் நாடகமும் வேணாம்னு விட்டுட்டாங்க. அதுலதான் வம்பு வந்தது."

வம்பு இதுதான். பத்தாம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா என்பவர் அரிஸ்டாட்டிலின் கவிதை இயலை அரபியில் கொண்டுவந்தார். அதில் டிராஜடி, காமெடி என்று இரண்டு வார்த்தைகள். மேடை நாடகமே வழக்கில் இல்லாத இடத்தில் மனுஷன் என்ன செய்வார்? டிராஜடிக்கு 'மதீஹ்' என்று போட்டார். அப்படியென்றால் புகழ்ச்சிப் பாட்டு. காமெடிக்கு 'ஹிஜா'. ஆளை வைத்து வசை பாடுவது! இருநூறு வருஷம் கழித்து, கோர்டோபாவின் மகா மேதை இப்னு ருஷ்தும் அதையே பிடித்துக்கொண்டு உரை எழுதினார். இன்றைய உருதுவில் துக்கத்தைக் குறிக்கும் 'அலம்' என்பதிலிருந்து அலமியா, ஆனந்தத்தைக் குறிக்கும் 'தரப்' என்பதிலிருந்து தர்பியா என்று சரியான வார்த்தைகள் வந்துவிட்டன.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "காமெடிக்கும் வசைக்கும் வித்தியாசம் தெரியாமலா ஒரு ஆள் இருப்பான்?"

மாஸ்டர் சாப் சாயாவை உறிஞ்சினார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் எங்கள் சூபரின்டென்டெண்டுக்கு ரிடையர்மெண்ட் பார்ட்டி. எதையும் இரண்டு தடவை சொல்லுவார் மனிதர். "ஃபைலை எடு, ஃபைலை எடு. நாளைக்கு வா, நாளைக்கு வா." முதலில் எல்லாரும் ஒரு மணி நேரம் அவரைப் புகழ்ந்தார்கள். சுத்த டிராஜடி. பிறகு என் மிமிக்ரி. கண்ணாடியைக் கழற்றி, கழுத்தைச் சாய்த்து, "ரிடையர் ஆயிட்டேன், ரிடையர் ஆயிட்டேன்" என்றேன். ஹால் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். ஆனால் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி மாஸ்டர் சாப்பிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அது மிஜாஹா, ஹஜ்வா?"

உருதுவில் சிரிப்புக்குத் தனித்தனி டப்பாக்கள் உண்டு. எல்லாரும் சேர்ந்து சிரித்தால் மிஜாஹ். ஊர்க் குறையைக் குத்தினால் தன்ஜ். ஓர் ஆளைக் குறிவைத்துக் குதறினால் ஹஜ்வ், அதாவது அந்தப் பழைய ஹிஜாவேதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மிர்ஸா சௌதா என்ற கவிஞர் இதில் மன்னன். யார்மீதாவது கோபம் வந்தால், வேலைக்காரனைக் கூப்பிட்டு எழுதுகோல் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வாராம். எதிரிக்கு அப்போதே உதறல் எடுக்குமாம்.

"கி.மு. 423-ல் அரிஸ்டோஃபனிஸ் 'மேகங்கள்'னு ஒரு காமெடி போட்டான். சுக்ராத்தைக் கூடையில உட்காரவெச்சு அந்தரத்துல தொங்கவிட்டான். ஊரே சிரிச்சுது. இருபத்துநாலு வருஷம் கழிச்சு சுக்ராத் கோர்ட்ல நின்னப்போ, 'நீங்க சின்ன வயசிலிருந்து என்னைப் பத்திக் கேட்டதெல்லாம் அந்த மாதிரிக் கதைதானே'ன்னார். விஷக் கோப்பை அந்த நாடகத்தால மட்டும் வரலை பேட்டா. ஆனா சிரிப்பு அவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்கு, பார்."

கிரேக்கர்களுக்குக் கேலிக்கென்றே மோமஸ் என்று ஒரு தெய்வம் உண்டு. எல்லாரையும் குற்றம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒலிம்பஸ் மலையிலிருந்தே அவனைத் துரத்திவிட்டார்களாம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ ஸ்வீட்டோடு சூபரின்டென்டெண்ட் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். உள்ளே திரும்பி, "ஆபீஸ் பையன் வந்திருக்கான்" என்றார். பதிலில்லை. குரலை உயர்த்தி, "ஆபீஸ் பையன் வந்திருக்கான்!" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். காது அவ்வளவாகக் கேட்காது போலிருக்கிறது. எத்தனை வருஷப் பழக்கமோ, ஆபீஸுக்கும் கூடவே வந்திருக்கிறது.

"சார், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்தது.

அவர் கையமர்த்தினார். "மிமிக்ரில ஒரு தப்பு. நான் கண்ணாடியை இடது கையாலதான் கழட்டுவேன்" என்றார்.

பிறகு என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "காபி சாப்பிட்டுப் போ, காபி சாப்பிட்டுப் போ."

இரண்டு டம்ளர் குடித்தேன்.