பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினால் ஊசி போட்டுக்கொள்வாரா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டோர் வரை சுமார் 1.76 கோடி பிள்ளைகளுக்குப் போடுவதாகத் திட்டம். ஊசி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருமுன் வதந்தி வீடு வீடாகப் போய்விட்டது. 'வெளிநாட்டில் தடை செய்த மருந்தாம்', 'பெண் பிள்ளைக்குப் பின்னால் குழந்தையே பிறக்காதாம்' என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றின. மருந்து தயாரானதோ புனேயில். கர்ப்பிணிக்கு ரூபெல்லா தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் கெடக்கூடும். அதைத் தடுப்பதற்கென்றே வந்த ஊசியைப் பற்றித்தான் இப்படியொரு புரளி. தயங்கியவர்களில் நகரத்துத் தனியார் பள்ளிப் பெற்றோரும் நிறையப் பேர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

இத்தகைய அக்கம்பக்கத்தாரைக் கண்டு எரிச்சல்படுகிறவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தட்டம்மைக்கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கக்கூடியது. நம் நாட்டில் முதல் தவணை ஊசியே ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான். அதுவரை கைக்குழந்தைக்குக் காவல், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். நூற்றுக்கு 95 பேராவது போட்டுக்கொண்டால்தான் அந்தக் காவல் நிற்கும். ஆகவே 'என் பிள்ளை, என் இஷ்டம்' என்பது எதிர்வீட்டுத் தொட்டிலையும் சேர்த்தே எடுக்கும் முடிவு.

கோபம் நியாயம் என்பதால் அது பலன் தந்துவிடாது. 'படித்தும் முட்டாளாக இருக்கிறாயே' என்று கேட்டதும் எந்த மாமாவும் மனம் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்ததில்லை. இன்னும் நான்கு வீடியோக்களைத் தேடி அனுப்புவார்.

நடிகர் விவேக் விஷயத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களின் தயக்கத்தைப் போக்கவென்றே, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊடகங்கள் முன்னிலையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு; 17-ஆம் தேதி இறந்தார். இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாகவும் ஊசிக்குத் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அதையே உறுதி செய்தது. ஆனால் அந்த முடிவு வெளியே வந்தது அக்டோபரில்! ஆறு மாதம் கேள்வி தெருவில் கிடந்தது. ஊசியைக் குறை சொல்லிப் பேசிய ஒரு நடிகருக்கு, தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. அவர் கேட்டதையே மனதில் வைத்திருந்த லட்சக்கணக்கானோருக்கு யார் பதில் சொன்னார்கள்?

பயத்துக்கு வேறு வேர்களும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு, மருத்துவர் அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக, கிராமத்துக்குள் நடந்த ஊசி போடும் பணி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. முன்னெச்சரிக்கை சரிதான். ஆனால் கூலி வேலையை விட்டுப் பேருந்தேற வேண்டிய தாய்க்கு ஊசி தூரமாகிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 81 சதவீதம், 2015-16இல் 70. இந்தச் சரிவு முழுவதையும் வதந்தியின் கணக்கில் எழுதிவிட்டால் அரசுக்கு வசதி, அவ்வளவுதான். அடுத்த ஆய்வில் அளவு 89 ஆக ஏறியது. கைவிட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

மிரட்டலுக்கும் பரிசுக்கும் கொரோனா காலத்தில் குறைவில்லை. நீலகிரியில் டாஸ்மாக் கடையில் சரக்கு வாங்கச் சான்றிதழ் கேட்டார்கள். கோவளம் மீனவ கிராமத்தில் பிரியாணியும் குலுக்கல் பரிசும் தந்தார்கள். பிரியாணியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்றாலும் 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டதற்குப் பெரிய காரணம், மாநிலமெங்கும் சுமார் 40,000 இடங்களில் முகாம் நடந்ததுதான். ஊசி தெருமுனைக்கு வந்தது. கேள்வி கேட்க எதிரில் ஒரு மனிதர் இருந்தார்.

ஆகவே அரசு இரண்டு காரியங்களை உடனே செய்ய வேண்டும். தடுப்பூசிக்குப் பின் நேரும் ஒவ்வொரு மரணத்தின் விசாரணை முடிவையும், குடும்பத்தின் பெயரை மறைத்து, சில வாரங்களுக்குள் எளிய தமிழில் வெளியிட வேண்டும். தவறு நடந்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. அடுத்து, கிராம சுகாதார செவிலியரைக் கணினிப் பதிவு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். 'நர்ஸம்மா, இதைப் போட்டா காய்ச்சல் வருமா?' என்று ஒரு தாய் கேட்டால், 'வரும், ஒரு நாள் இருக்கும், இந்த மாத்திரையைக் கொடு' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை இப்போது பதிவேடுகள் தின்கின்றன.