ஹிட்லர் கைகொடுக்காமல் போன ஆள் ஓவன்ஸ் இல்லீங்க

போன மாசம் புனேயில் எங்க பேங்க் மேனேஜர்களுக்கு ரெண்டு நாள் டிரெயினிங். மதியச் சாப்பாட்டுக்கப்புறம் எல்லாருக்கும் கண்ணைச் சொருகும் இல்லையா, அதுக்குன்னே ஒரு மோட்டிவேஷன் பேச்சாளரைப் பிடித்து வைத்திருந்தார்கள். மனிதர் எடுத்த எடுப்பிலேயே 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போய்விட்டார். ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஜெயித்தார், கைகொடுக்க மனசில்லாமல் ஹிட்லர் எழுந்து போய்விட்டார், கைதட்டுங்க! தட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "சார், அது ஓவன்ஸ் இல்லை, கார்னீலியஸ் ஜான்சன்." அவர் சிரித்துக்கொண்டே, "பேரில் என்ன இருக்கு சார், பாயிண்ட் ஒண்ணுதானே" என்றார். டீ வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1936 ஆகஸ்ட் 2, தடகளத்தின் முதல் நாள். அன்று மதியம் ஜெயித்த ஜெர்மன்காரர்களையும் பின்லாந்துக்காரர்களையும் ஹிட்லர் தன் மாடத்துக்குக் கூப்பிட்டு வாழ்த்தினார். கடைசியாக உயரம் தாண்டுதல். 2.03 மீட்டர் தாண்டி ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்கியவர் கார்னீலியஸ் ஜான்சன், லாஸ் ஏஞ்சலஸ் பையன், கறுப்பர். வெள்ளி வாங்கிய டேவ் ஆல்பிரிட்டனும் கறுப்பர்தான். பதக்க மேடைக்கு முன்பே ஹிட்லர் கிளம்பிவிட்டார். ஏற்கனவே போட்ட புரோகிராம்படி போனார் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். வாழ்த்தினால் எல்லாரையும் வாழ்த்துங்கள், இல்லையென்றால் ஒருவரையும் வேண்டாம் என்று ஒலிம்பிக் கமிட்டி தலைவர் சொல்ல, ஹிட்லர் ஒருவரையும் வேண்டாம் என்று முடிவு செய்தார். ஓவன்ஸ் முதல் தங்கம் வாங்கியது மறுநாள், ஆகஸ்ட் 3.

எங்க பாஷையில் சொன்னால், ஒருத்தர் பணத்தை இன்னொருத்தர் கணக்கில் வரவு வைத்த கேஸ். இதில் ஒரு வசதி என்னவென்றால், மொத்தம் டாலி ஆகிவிடும். ஒரு கறுப்பு வீரர், ஒரு சர்வாதிகாரி, ஒரு அவமானம், சரியாப் போச்சு. டாலி ஆகிவிட்டால் எவன் தேடுவான்? பணத்துக்குச் சொந்தக்காரன் வந்து கவுண்டரில் கத்தினால்தான் உண்டு. ஜான்சனால் கத்தவும் முடியவில்லை. தபால்காரராக வேலை பார்த்தார், அப்புறம் சரக்குக் கப்பலில் ரொட்டி சுடும் வேலை. 1946 பிப்ரவரியில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். வயசு 32. (ஓவன்ஸைக் குறை சொல்லவில்லை. நாலு தங்கம் வாங்கிய மனிதர். தன்னைக் கண்டுகொள்ளாதது சொந்த நாட்டு ஜனாதிபதிதான் என்று அவரே சொன்னார். அந்தக் கறுப்பு வீரர்கள் 18 பேரின் குடும்பங்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தது ஒபாமா, அதுவும் 2016-ல்.)

ஜான்சன் கணக்கில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி ஒரு மரம். பெர்லினில் தங்கம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தொட்டியில் ஓர் ஓக் கன்று கொடுத்தார்கள். ஜான்சன் அதை ஊருக்குக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் நட்டார். இன்றைக்கு அந்த ஏரியாவுக்குப் பேர் கொரியா டவுன். வீடு கைமாறியது, தெருவே மாறியது, மரம் பாட்டுக்கு வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது 2022-ல். 86 வருஷம்! இப்பவாவது செய்தார்களே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1932-ல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்தபோது, பள்ளிக்கூடப் பையனாக முதல் மூன்று பேர் தாண்டிய அதே 1.97 மீட்டரைத் தாண்டி, டை பிரேக்கரில் நாலாவது இடத்துக்குப் போனவர் இவர். 2028-ல் மறுபடி ஒலிம்பிக் நடத்தும் அந்த ஊருக்கு இவரை ஞாபகப்படுத்த ஒரு மரம் தேவைப்பட்டிருக்கிறது.

நாஜி கொடுத்த மரத்துக்கு மரியாதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கன்றைக் கொடுத்தவன் ஜெர்மன் பெருமை உலகமெல்லாம் வேர் விடட்டும் என்று கொடுத்தான். அது வேர் விட்டது ஒரு கறுப்பர் வீட்டுக் கொல்லையில். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியவனுக்குச் சொந்தமா, தொட்டியில் வைத்துக் கொடுத்தவனுக்குச் சொந்தமா, நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்காவை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் தயாரில்லை. நான் நாலு வருஷமாகக் குப்பை கொட்டுவது கராடில். பக்கத்திலேயே கோலேஷ்வர். கஷாபா ஜாதவ் பிறந்த ஊர். 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அடுத்தது லியாண்டர் பயஸ் வாங்கியது, 44 வருஷம் கழித்து. ஜாதவை ஹெல்சிங்கி அனுப்ப அவர் கல்லூரி முதல்வர் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் புரட்டினார். தினமும் அடமானப் பத்திரம் பார்க்கிறவன் சொல்கிறேன், இந்தக் காரணத்துக்காக வீட்டை வைக்க வந்த ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. ஜாதவ் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார், 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது ஆரம்பித்தது 1961-ல். அவருக்குக் கிடைத்தது செத்து பதினாறு வருஷம் கழித்து. டெல்லி மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பேர் வைத்தது 2010-ல்.

நம்ம பேச்சாளர் உட்கார்ந்திருந்த ஹாலிலிருந்து கோலேஷ்வர் நாலு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். அதை விட்டுவிட்டுப் பெர்லின் போனார், போன இடத்திலும் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாயிண்ட் ஒண்ணுதானாம்!

அடுத்த பேட்ச் அடுத்த வாரம். எங்க கிளையிலிருந்து போகிற பையனிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறேன்: கார்னீலியஸ் ஜான்சன், ஆகஸ்ட் 2, 2.03 மீட்டர். டீ வருவதற்கு முன்னாலேயே கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.