பிள்ளைகள் கையில் திணித்த முட்டி

எளியோனையும் இரும்பூர்திக்கு எதிர்நிற்கச் செய்த அரிய கருவி எனச் செருமானியரின் பான்சர்பௌசுட்டைப் புகழ்ந்தெழுதுவோர் இன்றும் உளர். பான்சர் என்பது மெய்ம்மறை. பௌசுட்டு என்பது முட்டி. பெயரில் மறம் இருக்கின்றது. அம் மறம் எவர் தோளில் ஏற்றப்பட்டது என்பதைத்தான் இவர்கள் சொல்வதில்லை.

அமைப்பு எளிது. இருபுறமும் திறந்த குழல். அதன் முகப்பில் குடம்போன்ற குண்டு. குழலுள் மருந்து எரியுங்கால் குண்டு முன்னே பாயும். எரிவளி பின்னே பீறிடும். இரண்டும் ஈடாதலின் சுடுவோன் தோளில் உதைப்பு இல்லை. குண்டினுள் கூம்பாகக் குடைந்த வெடிமருந்து 20 செ.மீ. தடித்த எஃகையும் துளைக்கும். எடையோ ஏறத்தாழ 5 கிலோ. இதுவரை அவர்கள் கூறுவது மெய்யே.

ஆனால் 1943-இல் வந்த வகை எட்டிய தொலைவு 30 மீட்டர்! ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தின் நீளம். அத்துணை அருகில் இரும்பூர்தி வரும்வரை குழியுள் பதுங்கியிருந்து, எழுந்து, குறிபார்த்துச் சுடவேண்டும். பின்னே பாயும் தீயும் புகையும் அவன் இருக்குமிடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கும். அக் குழலில் இரண்டாங் குண்டு இல்லை. பின்பாயும் தீயை எச்சரித்துக் குழலின்மேல் செவ்வெழுத்துப் பொறித்தனர். முன்னே வரும் பொறித்துமுக்கியைப்பற்றி எழுத இடம் போதவில்லை போலும்! பின்னர்த் தொலைவு 60 மீட்டராயிற்று.

பயின்ற படைஞனுக்கே அரிதான இதனை இட்லர் ஆட்சி எவரிடம் தந்தது? 1944 செப்டம்பர் ஆணையால் 16 முதல் 60 அகவை வரையுள்ள ஆடவரைத் திரட்டி, வோல்க்சுட்டுர்ம் என்னும் மக்கட்படை அமைத்தனர். பலர்க்குச் சீருடை இல்லை, கைப்பட்டை ஒன்றே. துமுக்கிகள் போதாமையால், குறைந்த செலவில் குவித்த இக் குழலை நீட்டினர். பெர்லினைக் காக்க இதனை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு சென்ற இட்லர் இளைஞர் இயக்கத்தாருள் 16 நிரம்பாதோரும் இருந்தனர். எளிதாகச் சுடலாம் என்னும் அந்த ஒரு தன்மையே, ஏடு பிடிக்கவேண்டிய கையில் இதனைத் திணிக்கச் சாக்காயிற்று! அவ் வகவையினரை நாளும் வகுப்பில் காண்பவர் எவரேனும் இதை மறமென்பரோ?

1945 இளவேனிலில், ஆட்சித்தலைவர் மாளிகைத் தோட்டத்தில் இட்லர் சிறுவர்களின் கன்னத்தைத் தட்டிப் பாராட்டிய படம் உலகறிந்தது. அவ் வரிசையில் 12 அகவையினன் ஒருவன். ஏப்பிரல் 30-இல் இட்லர் நிலவறையுள் தன்னையே மாய்த்துக்கொண்டான். அப் பிள்ளைகளைப் போருக்குத் திரட்டிய தலைவன் ஆர்தூர் ஆக்சுமனோ பெர்லினிலிருந்து தப்பி, 1996 வரை உயிர் வாழ்ந்தான்.