கூலி கேட்டவரைப் பேராசைக்காரர் என்பதா?

வீட்டிலிருந்தே வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பற்றிச் செய்தி வந்தால் போதும், டீக்கடை பெஞ்சு முதல் பட்டிமன்ற மேடை வரை ஒரே தீர்ப்புதான்: பேராசை பெரு நஷ்டம். எவ்வளவு சௌகரியமான தீர்ப்பு! ஏமாந்தவருக்குக் குணக்கேடு, நமக்கு அந்தக் குணம் இல்லை, ஆகவே நாம் ஏமாற மாட்டோம்.

2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் செய்தது. இந்தக் கும்பல்கள் குறிவைப்பது பெரும்பாலும் யாரை என்றும் அப்போதே சொன்னது: ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள். பேராசைக்காரர்களைத் தேடுகிறவன் இவர்களிடம் ஏன் வருகிறான்? ரியல் எஸ்டேட் ஆபீஸ்களை அல்லவா சுற்ற வேண்டும்?

டேட்டா என்ட்ரி மோசடியையே எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, மங்கலாக ஸ்கேன் செய்த ஆங்கிலப் பக்கங்களை ஒரு பெண் ராத்திரியெல்லாம் டைப் அடிக்கிறார். கெடு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அனுப்பிய பிறகு, பிழை அதிகம், கூலி கிடையாது என்று பதில் வருகிறது. அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ்; மேலே சிங்கமுகச் சின்னம், கீழே ரப்பர் ஸ்டாம்ப். இன்று சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று போனில் மிரட்டல். மாமியார் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று வளையலை அடகு வைத்துக் கட்டுகிறார். உழைத்தவரிடமே பிடுங்கியிருக்கிறார்கள். இதில் பேராசை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

தனியார் ஒப்பந்தத்தை மீறுவது உரிமையியல் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய வராது. எந்தக் கோர்ட்டும் போனில் மிரட்டி ஜிபேயில் அபராதம் வசூலிப்பதில்லை. ஏமாற்றி வாங்கிய சம்மதத்தின் மேல் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவே வழி விடுகிறது. இதை யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. ஆசைப்படாதே என்று மட்டும் பிறந்ததிலிருந்து சொல்லியிருக்கிறோம்.

"அது சரி, யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய் என்று நம்புவது பேராசைதானே?" என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு ரீல்ஸில் ஃபேஸ் கிரீமைப் புகழ்வது ஊரறிந்த தொழிலாக நடக்கும் காலம் இது. லைக்குக்கும் காசு உண்டு என்று ஒருவர் நம்பினால் அதில் என்ன அதிசயம்? தவிர, முதல் நாள் சொன்ன காசு கணக்கில் வந்தும்விடுகிறது. அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம், அதனாலேயே நம் வங்கிக் கணக்கு முடங்கலாம் என்பது அப்போது தெரியாது.

அடுத்து டெலிகிராம் குழு. 'பிரீபெய்டு டாஸ்க்' என்று ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள். ஆயிரத்து முந்நூறாகத் திரும்புகிறது. இந்த இடத்தில் ஆசை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லட்சங்கள் போவது இங்கே அல்ல. பெரிய தொகை கட்டி எடுக்கப் போனால், "நீங்கள் ஒரு பட்டனைத் தப்பாக அழுத்திவிட்டீர்கள், குழுவில் மற்ற நாலு பேர் பணமும் மாட்டிக்கொண்டது" என்கிறார்கள். அந்த நாலு பேரும் அவர்கள் ஆட்களே. பிறகு வரி கட்டு. பிறகு, எங்கள் தளத்தில் உன் 'கிரெடிட் ஸ்கோர்' எண்பதுக்கு இறங்கிவிட்டது, நூறாக்கக் கட்டு. நகையை விற்றும் லோன் ஆப்பில் வாங்கியும் கட்டுகிறவர் லாபத்தை எப்போதோ மறந்துவிட்டார். போட்டது வந்தால் போதும் என்றுதான் கட்டுகிறார். அந்தப் பதற்றத்துக்குத்தான் நாம் பேராசை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மறுமுனையில் சாட் செய்பவர் கதை இன்னும் கொடுமை. கம்போடியா, மியான்மர் மோசடி முகாம்களில் அடைபட்டு இப்படி வலைவீசியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ஐடி வேலை, டேட்டா என்ட்ரி என்ற ஏஜென்டுகளின் பேச்சை நம்பி விமானம் ஏறியவர்கள். 2022-ல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட சிலர் சென்னை வந்து இறங்கினார்கள். சம்பளத்துக்கு வேலை தேடிப்போன அவர்களையும் பேராசைக்காரர் பட்டியலில் சேர்ப்பீர்களா?

மோசடியை அடையாளம் காண ஆளின் குணத்தை ஆராய வேண்டியதில்லை. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். பதிவுக் கட்டணம், டெபாசிட், லேப்டாப் கூரியர் செலவு, ஜிஎஸ்டி என்று எந்தப் பெயரில் ஆனாலும், வேலை கொடுப்பவன் நம்மிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐம்பது ரூபாய் என்றாலும்கூட.

இந்தப் பேராசைப் பட்டத்தால் மோசடிக்காரனுக்கு ஒரு லாபம் உண்டு: அவகாசம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், பணம் வங்கியை விட்டுப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் அது பல கணக்குகளுக்குப் பிரிந்து, கிரிப்டோவாகவோ வெளிநாட்டு ஏடிஎம் வழியாகவோ வெளியேறிவிடும். பட்டத்துக்குப் பயந்தவரோ தனியாக அழுது தீர்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது அப்படி வந்து நின்றால், "உனக்கு ஏம்மா இந்த வேலை?" என்பதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு அனுப்பினாய், எந்த வங்கியிலிருந்து, பரிவர்த்தனையின் யூடிஆர் நம்பர் எங்கே? இதைக் கேட்டுக்கொண்டே 1930-ஐ அழுத்துங்கள்.